ஆளுக்கொரு கல்கத்தா

பல்கலைக்கழகத்தில் கொடுத்த தாளில் பத்து இடங்கள் இருந்தன. விக்டோரியா நினைவு மண்டபம், இந்திய அருங்காட்சியகம், ஹௌரா பாலம், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், ஜோராசாங்கோவில் தாகூர் வீடு, அன்னை தெரசாவின் இல்லம், பார்க் ஸ்ட்ரீட், நியூ மார்க்கெட். இரண்டு நாளில் பார்த்து முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும் போட்டிருந்தார்கள். காளிகாட்டுக்கு 40 நிமிடம். அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், 40 நிமிடத்தில் செருப்பை விட இடம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தாள் என் கைக்கு வந்தது மாடியில் குடியிருந்த இரண்டு பெண்கள் மூலமாக. நான் கல்யாணமாகிக் கல்கத்தா வந்தது 1986ல். (2001ல் ஊர் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை.) லேக் மார்க்கெட் பக்கம் வீடு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை எல்லாம் கிடைப்பதால் தமிழர்கள் மூன்று தலைமுறையாக ஒண்டிக்கொண்ட இடம். என் கணவர் ஓய்வு பெற்றதும் மாடியில் இரண்டு அறைகளை மாணவிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தோம். 2024 தொடக்கத்தில் வந்தவர்களில் ஒருத்தி ஜப்பான், ஒருத்தி டாக்கா. இருவரும் ஒரு பருவம் மட்டும் இங்கே படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவிகள். ஜப்பான் பெண் படித்தது வங்க இலக்கியம், டாக்கா பெண் பொருளாதாரம். அவர்களுக்குச் சிநேகிதமாக வேதியியல் படிக்கும் ஒரு ஜெர்மானியன், பவேரியாக்காரன். நான்காவது ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். அவன் இந்திய அரசின் உதவித்தொகையில் முழுப் படிப்புக்கே வந்தவன், கணக்குப்படி பரிமாற்ற மாணவன் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் என்று ஒரு பெஞ்சு போட்டால் அவனும் அதில்தானே உட்கார வேண்டியிருக்கிறது.

இந்த நான்கு பேரும் என்னைக் கூப்பிடுவதே ஒரு பாடம். ஜெர்மானியன் ‘ஆன்ட்டி’ என்பான். யாழ்ப்பாணத்துப் பையன் ‘அன்ரி’. ஜப்பான் பெண் தெருவில் எல்லோரும் சொல்வதைக் கேட்டு ‘மாஷிமா’. டாக்கா பெண் மட்டும் ‘காலாம்மா’. மாஷி, காலா இரண்டுக்கும் அர்த்தம் அம்மாவின் சகோதரிதான். வங்காளத்தில் இந்துக்கள் ஒன்றைச் சொல்வார்கள், முஸ்லிம்கள் மற்றதை. தண்ணீரும் அப்படித்தான். இங்கே ‘ஜல்’, அவளுக்கு ‘பானி’. முதல் நாள் அவள் பானி கேட்டதும் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அவளை ஹிந்திக்காரி என்று நினைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அரை மணி நேரம் பேசினார். அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். நல்ல வளர்ப்பு என்று அப்போதே நினைத்தேன்.

ஹோலிக்கு முந்தைய சனி, ஞாயிறு என்று நாள் குறித்தோம். மார்ச் 23, 24. ரம்ஜான் மாதம். டாக்கா பெண் நோன்பு. ‘‘நீங்கள் சாப்பிடுங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்’’ என்றாள். அவளுக்காக மற்றவர்களும் பகலில் தெருவில் நின்று தின்பதில்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். கல்கத்தாவைப் பார்க்க வந்து புச்கா தின்னாமல் திரிந்த கோஷ்டி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

விக்டோரியா மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1921ல் திறந்தது. பளிங்கு ராஜஸ்தானத்து மக்ரானா, தாஜ்மகாலுக்கு வெட்டிய அதே ஊர். கர்சன் பிரபு அதைத் தாஜ்மகாலுக்குப் போட்டியாக நினைத்தாரோ என்னவோ. புல்வெளியில் குடைக்கு அடியில் உட்காரும் காதலர்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. ஜெர்மானியன் நாற்பது படம் எடுத்தான்.

வெளியே வந்ததும் டாக்கா பெண் தாளைப் பார்க்காமலே கேட்டாள்: ‘‘காலாம்மா, எட்டாம் நம்பர் தியேட்டர் ரோடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?’’

தியேட்டர் ரோடு என்ற பெயர் போய் அறுபது வருடமாகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த நானூறாவது ஆண்டில் அதை ஷேக்ஸ்பியர் சரணி ஆக்கினார்கள். (தெருப் பெயர் மாற்றுவதில் கல்கத்தாவுக்கு ஒரு குறும்பு உண்டு. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த ஹாரிங்டன் தெருவுக்கு ஹோ சி மின் பெயரை வைத்த ஊர் இது.) பழைய பெயரை இந்தக் காலத்து இளம்பெண் சொல்வதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடக்கிற தூரம்தான். எட்டாம் நம்பர் இப்போது அரவிந்தர் பவன். 1872 ஆகஸ்ட் 15 அன்று அரவிந்தர் பிறந்த இடம் என்று போற்றப்படும் வீடு. நான் போயிருக்கிறேன். புதுச்சேரி ஆசிரமத்தின் அதே ஊதுவத்தி மணம், அதே அமைதி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவளுக்கு அங்கே நுழைந்ததும் ஊருக்குப் போன மாதிரி இருக்கும். ஒரு வங்காளி பிறந்த வீட்டில் புதுச்சேரி வாசனை.

‘‘அரவிந்தரைப் பார்க்கவா?’’ என்றேன்.

‘‘இல்லை. என் நானா அங்கே வேலை பார்த்தார்.’’

நானா என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. யாழ்ப்பாணத்துப் பையன் சிரித்துவிட்டான். இலங்கையிலும் நம் கடற்கரை ஊர்களிலும் தமிழ் முஸ்லிம்களுக்கு நானா என்றால் அண்ணன். இருபது வயதுப் பெண்ணுக்கு எழுபது வயதில் அண்ணனா என்று நினைத்தானாம்.

விஷயம் இதுதான். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சுட ஆரம்பித்தது. ஏப்ரல் 10ல் வங்கதேசத்தின் தற்காலிக அரசு உருவாயிற்று. 17ம் தேதி எல்லையோரம் மெஹர்பூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் பதவியேற்பு. பதவி ஏற்கத் தோப்பு போதும். அரசு நடத்த நாற்காலி, மேஜை, கூரை வேண்டுமே. அந்தக் கூரைதான் எட்டாம் நம்பர் தியேட்டர் ரோடு. ஷேக் முஜிபுர் ரஹ்மான் பாகிஸ்தான் சிறையில் இருக்க, பிரதமர் தாஜுதீன் அகமது இந்த வீட்டில் இருந்துதான் போரை நடத்தினார். அலுவலகத்தை ஒட்டிய அறையிலேயே படுக்கை. குடும்பம் அதே கல்கத்தாவில் இருந்தும், நாடு விடுதலையாகும் வரை அவர்களோடு வாழ்வதில்லை என்று இருந்துவிட்டார். எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி. பெயரளவில் ஓர் அரசு, உண்மையில் நாலைந்து அறை, சில தட்டச்சு இயந்திரங்கள். அதில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பெண்ணின் நானா. அப்போது அவருக்கு வயது இருபது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பூச்செடிகள், அன்னையின் படம், தியானத்தில் இரண்டு மூன்று பேர். எழுபத்தொன்றைத் தேடி வந்திருக்கிறோம் என்று எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வயதான தொண்டர் ஒருவர் அவள் பேச்சைக் கேட்டே கண்டுகொண்டார். ‘‘அந்தப் பக்கத்திலிருந்தா?’’ என்றார். வங்காளத்தில் ‘அந்தப் பக்கம்’ என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. ‘‘சில சமயம் வருவார்கள். வயதானவர்கள் வருவார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள்.’’

அவள் அழவில்லை. முன்படிக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நானாவின் அறை எது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ‘‘தாஜுதீனை 1975 நவம்பர் 3ல் டாக்கா சிறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நானா எழுந்து போய்விடுவார். இந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசுவார்’’ என்றாள்.

அரவிந்தர் பிறந்த தேதியைச் சுவரில் பார்த்த ஜெர்மானியன், ‘‘ஆகஸ்ட் 15 உங்கள் சுதந்திர தினம் இல்லையா?’’ என்றான். ஆமாம் என்றேன். ‘‘எங்களுக்குத் துக்க தினம்’’ என்றாள் டாக்கா பெண். முஜிப் குடும்பத்தோடு கொல்லப்பட்டது 1975ல் அதே தேதி. ஜப்பான் பெண் சற்றுத் தயங்கி, ‘‘எங்களுக்குப் போர் முடிந்த நாள்’’ என்றாள். 1945ல் அன்று நண்பகல்தான் பேரரசரின் குரல் வானொலியில் வந்தது. தோற்றோம் என்பதை அவள் சொல்லவில்லை, முடிந்தது என்றாள். ஜெர்மானியன் தன் ஊரில் அன்று மாதா திருநாள், கடை எதுவும் திறக்காது என்றான். அவனுக்கே அது போதாது என்று பட்டிருக்க வேண்டும், உடனே பேச்சை நிறுத்திக்கொண்டான். யாழ்ப்பாணத்துப் பையன் தமிழில் என்னிடம் மட்டும் சொன்னான்: ‘‘எங்கட வீட்டில ஓகஸ்ட் எண்டா எழுபத்தேழு, அன்ரி. அந்தக் கலவரத்தோடதான் அப்பப்பா தெற்கில இருந்த கடையை விட்டுட்டு யாழ்ப்பாணம் வந்தவர்.’’ அதை நான் மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவன் விரும்பியிருந்தால் ஆங்கிலத்திலேயே சொல்லியிருப்பான்.

1947 ஆகஸ்ட் 15ல் டெல்லி விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, இதே கல்கத்தாவில் பேலியாகாட்டாவில் ஒரு பழைய வீட்டில் காந்தி உபவாசம் இருந்தார் என்று சொல்லலாம் என நினைத்தேன். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம்.

மாலையில் எஸ்ப்ளனேடிலிருந்து ஹௌராவுக்கு மெட்ரோ. ஆற்றுக்கு அடியில் போகும் இந்தப் பாதையில் பயணிகளை ஏற்ற ஆரம்பித்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 520 மீட்டர், 45 விநாடி. ஆற்றுக்குக் கீழே போகும்போது சுவரில் நீல விளக்கு எரியும். அந்த 45 விநாடியில் பெட்டி முழுக்கக் கைகள் உயர்ந்து கைப்பேசிகள் நீல விளக்கைப் படம் பிடித்தன. நாட்டின் முதல் மெட்ரோ 1984ல் இங்கேதான் ஓடியது. அப்போதும் மக்கள் இப்படித்தான் வேலை இல்லாமலே ஏறி இறங்கினார்களாம். ஹௌரா பாலத்தை நடந்து கடந்து திரும்பினோம். 26,500 டன் இரும்பு, மறை திருகும் ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் அறைந்த ரிவெட். இதைச் சொன்னால் எல்லா நாட்டுக்காரர்களும் குனிந்து பார்க்கிறார்கள்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஜகாரியா தெரு போய்ச் சேர்ந்தோம். நாகோடா மசூதியை ஒட்டிய அந்தத் தெரு ரம்ஜான் மாதத்தில் மாலை தொட்டு இரவு முழுவதும் அடுப்பு அணையாமல் இருக்கும். பாங்கு சொன்னதும் டாக்கா பெண் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். ஜெர்மானியன் கபாபில் இறங்கினான். சைவமான எனக்கு யாரோ ஒரு கடைக்காரர் கேட்காமலே ஒரு தட்டில் பழம் நறுக்கிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார். மாதம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தாள் ஞாபகம் இல்லை.

விடிகாலையில் திரேட்டா பஜாரில் சீனர்கள் தெருவோரம் விற்கும் காலை உணவு. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா சீனர்கள் 1962 போருக்குப் பிறகு குறைய ஆரம்பித்தார்கள். பலரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். விடுதலையான பிறகு கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார்கள். இப்போது நாலைந்து கிழவிகள் மூங்கில் தட்டில் ஆவி பறக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டரை மணிக்கு எல்லாம் காலி. நாங்கள் வெறுமனே பார்த்தோம். அங்கிருந்து பவ்பஜார் வரை நடை.

பவ்பஜார் ஜெர்மானியனின் விருப்பம். அவன் கல்கத்தாவுக்கு வரும்போது கொண்டுவந்தது குந்தர் கிராஸின் புத்தகம். கிராஸ் 1986-87ல் சில மாதம் இங்கே வசித்துவிட்டு எழுதியது. ஏழ்மையும் குப்பையும் வெட்கத்தில் நாக்கை நீட்டிய காளியும் அதில் உண்டு. நான் வந்து இறங்கிய வருடமும் அதுதான். அவர் பார்த்த குப்பை அங்கே இருந்தது, மறுக்கவில்லை. அதே தெருவில் நான் பால் வாங்கினேன், குழந்தையைப் பள்ளியில் சேர்த்தேன், பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் மீன் வாசனையைப் பொறுத்துக்கொள்ளக் கற்றேன். அதை எழுத அவருக்கு நேரமில்லை. ஜெர்மானியனிடம் இதைச் சொன்னேன். அவன் அந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டதாகவும், தன்னிடம் வேறு ஒரு முகவரி இருப்பதாகவும் சொன்னான். 210, பவ்பஜார் தெரு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ தொண்டையையும் அடைத்தது. நம் ஊர் ராமனின் முகவரியை ஒரு பவேரியாக்காரன் எனக்குச் சொல்கிறான்.

1907ல் பதினெட்டு வயது சி.வி. ராமன் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். ஸ்காட்ஸ் லேனில் வாடகை வீடு. அலுவலகத்துக்கு டிராமில் போகும்போது பவ்பஜாரில் ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்’ என்ற பலகை கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876ல் தொடங்கியது அது. ஆராய்ச்சிக்கு ஆள் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. விடிகாலையில் அங்கே போவார், அப்புறம் அலுவலகம், மாலையில் திரும்ப அங்கேயே, இரவில்தான் வீடு. கல்கத்தாவில் இருந்த வருடங்களெல்லாம் இப்படி. 1917ல் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ல் அந்த 210ம் நம்பரில்தான் ராமன் விளைவு. உடன் இருந்தவர் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன். 1930ல் நோபல் பரிசு.

ஜெர்மானியன் தன் சோதனைச்சாலையில் தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறானாம். ‘‘இதை ராமனில் போட்டுப் பார்’’ என்பார்களாம். ஒரு பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வருவதில் மிகமிகச் சிறிய பங்கு மட்டும் நிறம் மாறி வரும். கோடியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு, கைரேகை மாதிரி. மருந்தில் கலப்படமா, கல் வைரமா போலியா என்று அதைக் கொண்டு சொல்லிவிடலாம். இதை அவன் விளக்கியது பவ்பஜாரில் நகைக்கடைகளின் மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு.

இப்போது தெருவின் பெயர் பிபின் பிஹாரி கங்கூலி தெரு. 210ல் இருப்பது ஒரு வணிகவியல் கல்லூரி. கழகம் 1950களை ஒட்டி ஜாதவ்பூருக்குப் போய்விட்டது, அங்கே நன்றாகவே நடக்கிறது. ஞாயிறானதால் கேட் பூட்டியிருந்தது. ஜெர்மானியன் கேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒரு டிராம் தண்டவாளம் வெயிலில் மின்னியது.

எனக்கு அந்த இடத்தில் ராமனைவிட லோகசுந்தரியைத்தான் நினைக்கத் தோன்றியது. புதுப் பெண்ணாக வந்து இறங்கியிருக்கிறார். புருஷன் விடிந்தால் சோதனைச்சாலை, இரவானால் சோதனைச்சாலை. தெருவில் ஒரு வார்த்தை புரியாது. 1986ல் எனக்கு லேக் மார்க்கெட்டாவது இருந்தது. 1907ல் அவருக்குக் கறிவேப்பிலை எங்கே கிடைத்திருக்கும்? ராமனைப் பற்றி எழுதியவர்கள் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கவில்லை.

அங்கிருந்து கொஞ்சம் உள்ளே சந்துகளில் 2019 ஆகஸ்ட் 31ல் மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது தண்ணீர் உடைத்துக்கொண்டு வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. கட்டிய துணியோடு வெளியேறிய குடும்பங்கள் பல, தட்டார்கள் அதிகம். முந்தின நாள் நாங்கள் படம் பிடித்த நீல விளக்கு இருக்கிறதே, அதே பாதையின் நடுத்துண்டு இது. அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. (2025 ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பித்தது.) பீம் நாக் கடையில் சந்தேஷ் வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டோம், மாலைக்கு. அங்கே சுவர்க் கடிகாரத்தில் எண்கள் வங்காளத்தில் இருக்கும், லண்டன் கம்பெனி செய்தது. ஜப்பான் பெண் அந்த எண்களை மணியை மறந்து சத்தமாகப் படித்தாள்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஞாயிறன்று புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். காலேஜ் ஸ்கொயர் குளத்தில் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். குளத்தின் கரையில் மகாபோதி சங்கத்தின் விகாரம், 1920ல் கட்டியது. சங்கத்தை நிறுவியவர் கொழும்பில் பிறந்த அநாகரிக தர்மபாலர். யாழ்ப்பாணத்துப் பையனை அங்கே கூட்டிப் போக எனக்கு உத்தேசம் இல்லை. அந்தப் பெயர் இலங்கைத் தமிழனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அவனாகத்தான் பலகையைப் படித்துவிட்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

உள்ளே ஐந்து நிமிடம் இருந்திருப்பான். வெளியே வந்து குளத்தைப் பார்த்தபடி சொன்னான்: ‘‘எங்கட ஊரில புத்தர் சிலை எண்டா ஆமிக்காரன் வைச்சது எண்டுதான் எங்களுக்குப் பழக்கம், அன்ரி. சிலைக்குப் பக்கத்தில துவக்கோட ஒருத்தன் நிப்பான். புத்தரைத் தனிய நான் பார்த்ததே இல்லை.’’

‘‘இங்கே?’’

‘‘இஞ்ச ஒரு ஆளும் இல்லை. ஒரு பூனை மட்டும் படுத்திருக்கு.’’

ஜப்பான் பெண்ணுக்கு அவன் என்ன சொன்னான் என்று தெரிய வேண்டும். இந்த முறை அவனே ஆங்கிலத்தில் சொன்னான். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகுதான் தனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்றாள். ராதாவினோத் பால். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி, பல்கலைக்கழகத் துணைவேந்தர். போருக்குப் பின் டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த நேச நாடுகளின் நீதிமன்றத்தில் இந்தியாவின் நீதிபதி. 1948ல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் தனித் தீர்ப்பு எழுதியவர். வென்றவர்கள் தோற்றவர்கள் மேல் நடத்தும் நீதிமன்றத்தைச் சட்டம் ஏற்காது என்பது அவர் வாதம். கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஜப்பானில் யாசுகுனி ஆலயத்தில் 2005ல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ‘‘என் தாத்தாவுக்கு அவர் தெய்வம். என் பேராசிரியர் அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்துவிட்டுப் பேசு என்பார். நான் இங்கே வந்த பிறகு யாரிடம் கேட்டாலும் அவர் யார் என்கிறார்கள்.’’

‘‘அவர் குஷ்டியாக்காரர். எங்கள் பக்கம்’’ என்றாள் டாக்கா பெண்.

மதியத்துக்கு மேல் எங்கள் பேட்டைக்கே திரும்பினோம். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், லேக் மார்க்கெட்டில் பழைய சிற்றுண்டிக் கடை ஒன்றில் மூன்று பேருக்குத் தோசை பொட்டலம் கட்டினேன், மாலையில் சேர்ந்து சாப்பிட. ஏரிக்கரையில் லேக் ரோட்டில் ஒரு ஜப்பானியப் பௌத்தக் கோயில் இருக்கிறது. நிசிதாத்சு ஃபூஜி என்ற துறவி 1930களில் கட்டியது. அந்தி நேரத்தில் முரசு அடிப்பார்கள், எங்கள் வீட்டுக்கே சில நாள் கேட்கும். மாடியில் மூன்று மாதம் அந்த முரசைக் கேட்டுக்கொண்டு இருந்தவள் உள்ளே போனதில்லை. அன்று நால்வரும் போனார்கள். ஆளுக்கு ஒரு கை முரசும் குச்சியும் கொடுத்தார்களாம். யாழ்ப்பாணத்துப் பையனுக்குத் தாளம் நன்றாக வந்தது, கோயில் தவில் கேட்டு வளர்ந்த காது.

நான் வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் இரண்டு நாளில் தன் வயதைச் சொல்லிவிட்டது.

ஜூன் முதல் வாரம் பருவம் முடிந்தது. டாக்கா பெண் மைத்ரீ எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனாள். அதே வாரம்தான் அங்கே உயர் நீதிமன்றம், விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவிகித ஒதுக்கீட்டை மறுபடி கொண்டுவந்தது. அதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் துப்பாக்கிச் சூடு. 18ம் தேதி இணையத்தை வெட்டினார்கள். நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் நின்றது, ஐந்தாறு நாள். ரயிலும் நின்றது. ஆகஸ்ட் 5ல் ஷேக் ஹசீனா பதவியை விட்டு இந்தியா வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 15 துக்க நாள் விடுமுறையைப் புதிய இடைக்கால அரசு ரத்து செய்தது. அன்று காலை எங்கள் ஐந்து பேர் குழுவில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தியேட்டர் ரோடு முன்படிக்கட்டு. கீழே ஒரு வார்த்தை இல்லை.

பிறகு ஒரு நாள் இரவு போன் செய்தாள். ஜூலை முழுக்க அவள் தெருவில் இருந்திருக்கிறாள். நானாவிடம் விடுதலைப் போராளி சான்றிதழ் உண்டு. அதாவது, எந்த ஒதுக்கீட்டை எதிர்த்துக் கோஷம் போட்டாளோ அது அவளுக்கே வரவேண்டியது. ‘‘எனக்கு அது வேண்டாம், என் கூடப் படித்தவர்கள் செத்திருக்கிறார்கள் என்றேன். நான் டைப் அடித்த நாட்டை நீ கிழிக்கிறாய் என்றார் நானா. அதற்கப்புறம் பேசவில்லை.’’ கூடத்தில் மாட்டியிருந்த 1971 படத்தை அவள் அம்மா கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாராம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். யார் பக்கம் நியாயம் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

2025 பிப்ரவரி 5ல் டாக்கா தன்மொண்டியில் முஜிபின் வீட்டை இடித்தார்கள். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி: நானா பேசிவிட்டார். என் கைப்பேசியில் இருந்த படிக்கட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் எனக்குப் பழக்கமே இல்லை, நாங்கள் பின்பக்கமாகத்தான் போவோம், என் மேஜை ஜன்னலோரம், ஜன்னலில் ஒரு மரம் தெரியும் என்றார். காலாம்மா, உங்களால் போக முடியுமா? எனக்கு இப்போது விசா கிடைக்காது.

போனேன். தொண்டர் பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பின்பக்கம் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் படம் எடுத்தேன், மரங்களையும். எதற்கு இத்தனை என்று தோட்டக்காரர் பார்த்தார். அனுப்பிய பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஜன்னலை நானா கண்டுபிடித்துவிட்டார், இடதுபுறம் இரண்டாவது. மரம்தான் அதேதானா என்று தெரியவில்லை. அது என்ன மரம், எத்தனை வயதிருக்கும் என்று கேட்கச் சொல்கிறார்.

தோட்டக்காரர் வேலைக்குச் சேர்ந்தே ஏழு வருடம்தான் ஆகிறது. அவருக்கு முன்னால் இருந்தவர் கானிங் பக்கம் ஏதோ கிராமத்தில் இருக்கிறாராம், விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.